மூக்கை நம்பாதீர்கள்!

ஆம்பூருக்கு இரண்டு வாசனைகள் உண்டு. ஒன்று, ஊரறிந்த பிரியாணி. இன்னொன்று, அந்தப் பிரியாணிக்குக் காசு கொடுக்கிற தோல்.

சென்னையிலிருந்து எங்கள் ஜோலார்பேட்டைப் பக்கம் ரயிலில் வருகிறவர்கள் கவனித்திருக்கலாம். காட்பாடி, குடியாத்தம் எல்லாம் தாண்டி ஆம்பூர் நெருங்கும்போது, காற்று வாகாக அடித்தால், பெட்டிக்குள் ஒரு சின்ன மாறுதல் நடக்கும். ஜன்னலோர மாமியின் புடவைத் தலைப்பு மூக்குக்குப் போகும். அடுத்து காலேஜ் பையனின் கர்சீப். எதிர் சீட்டில் உள்ளூர்க்காரர் ஒருவர் மட்டும் நிம்மதியாக மசால் வடை சாப்பிட்டுக்கொண்டிருப்பார்.

"எப்படி சார் இந்த நாத்தத்துல குடியிருக்கீங்க?"

"இன்னா நாத்தம்?" என்பார். கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஓ... அதுவா? பழகிப்போச்சு சார்!" என்று அடுத்த வடைக்குப் போய்விடுவார்.

இந்த வாரம் அந்த 'பழகிப்போச்சு'வைப் பற்றித்தான் பேசப்போகிறேன். எங்கள் பக்கத்தில் அந்த வார்த்தை ஆளைக் கொல்லும். பேச்சுக்காகச் சொல்லவில்லை. நிஜமாகவே கொல்லும்.

முதலில் மூக்கைப் பற்றிக் கொஞ்சம். மூக்கு ஒரு அரசாங்க குமாஸ்தா மாதிரி. புதிதாக ஒரு ஃபைல் வந்தால் பரபரப்பாக மேலிடத்துக்கு அனுப்புவார். அதே ஃபைல் பத்தாவது தடவை வந்தால், 'பார்த்தாச்சு, பார்த்தாச்சு' என்று மேஜைக்கு அடியில் தள்ளிவிடுவார். அதனால்தான் நம் வீட்டு வாசனை நமக்குத் தெரிவதில்லை. பிறந்த வீட்டில் ஒரு வாரம் இருந்துவிட்டுத் திரும்பும் மனைவி வாசலில் நின்றபடியே, "எலி ஏதாவது செத்துக் கிடக்கா?" என்று கேட்பார். ஏழு நாளாக அதே ஹாலில் டி.வி. பார்த்துக்கொண்டிருந்த புருஷனுக்கு ஒன்றுமே தெரிந்திருக்காது.

வீட்டில் என்றால் நாலு திட்டோடு போயிற்று. டேனரியில் அப்படி இல்லை.

நான் பி.காம். கெமிஸ்ட்ரிக்கும் எனக்கும் இருந்த உறவு பத்தாம் வகுப்போடு முறிந்துபோனது. ஆனாலும் ராணிப்பேட்டை, பேர்ணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி என்று தோலை நம்பி வாழும் இந்தப் பக்கத்துக்காரன் எவனும் ஒரே ஒரு கெமிஸ்ட்ரி பாடத்தை மட்டும் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

பச்சைத் தோலிலிருந்து முடியை நீக்க சுண்ணாம்போடு சோடியம் சல்ஃபைடு போடுகிறார்கள். அதற்குப் பிறகு வரும் ஒரு கட்டத்தில் உப்பும் கந்தக அமிலமும் போடுகிறார்கள். இரண்டும் தனித்தனி டிரம்மில், தனித்தனி நேரத்தில் இருக்கிற வரை தகராறு இல்லை. அந்தக் கழிவும் இந்தக் கழிவும் ஒரே தொட்டியில் சேர்ந்தால், சல்ஃபைடும் அமிலமும் கைகோத்துக்கொண்டு ஹைட்ரஜன் சல்ஃபைடு என்ற வாயுவைக் கிளப்பும். அமிலமே சேராவிட்டாலும், மூடிக் கிடக்கும் தொட்டியில் நாள்பட்ட கசடு அழுகினால் அதே வாயு வரும். கசடுக்குள் அது பதுங்கிக் கிடக்கும். மேலே பார்த்தால் சாது. கோலை விட்டுக் கலக்கினாலோ, காலை வைத்தாலோ குபீரென்று வெளியே வரும்.

அழுகின முட்டை நாற்றம். இது காற்றைவிடக் கனமானது. ஆகவே பள்ளத்தில் தங்கும், மேன்ஹோலில் தங்கும், தொட்டியின் அடியில் தங்கும்.

இப்போதுதான் நம் குமாஸ்தா வருகிறார். காற்றில் பத்து லட்சம் பங்குக்கு ஒரு பங்குகூட இந்த வாயு இருக்க வேண்டியதில்லை, மூக்கு உடனே கண்டுபிடித்துவிடும். அப்படிப்பட்ட கெட்டிக்கார மூக்கு, அளவு நூறு பங்கைத் தொட்டதும் செயலிழந்துபோகிறது. இது முன்னே சொன்ன பழக்கம் இல்லை. வாசனையைக் கொண்டுபோகிற நரம்பே மரத்துப்போகிறது. நாற்றம் சில நிமிடங்களில் மறைந்துவிடும். உள்ளே நிற்கிறவர் என்ன நினைப்பார்? "அப்பாடா, வாடை போயிடுச்சு, இனிமே வேலையைப் பார்க்கலாம்" என்றுதானே நினைப்பார்? உண்மையில் அளவு ஏறிக்கொண்டிருக்கும். ஐந்நூறைத் தாண்டினால் சில நிமிடங்களில் மயக்கம். ஆயிரத்தை நெருங்கினால் ஒன்றிரண்டு மூச்சுதான். 'காப்பாத்துங்க' என்று கத்தக்கூட அவகாசம் இல்லாமல் அப்படியே சாய்ந்துவிடுவார்.

நாற்றம் அடித்தால் ஆபத்து. அடித்த நாற்றம் திடீரென்று காணாமல் போனால் பேராபத்து. இந்த ஒரு வரியை ஒவ்வொரு தொட்டியின் பக்கத்திலும் பெயிண்ட்டால் எழுதிவைக்கலாம்.

அடுத்தது, மனசைப் பிசைகிற சமாச்சாரம். இந்த விபத்துகளில் பெரும்பாலும் ஒருவர் மட்டும் போவதில்லை. முதலாமவர் சாய்ந்ததும் கூட இருந்தவர், "டேய்... என்னடா ஆச்சு?" என்று பதறிக்கொண்டு இறங்குவார். அவரைத் தூக்க மூன்றாமவர். மூடிய இடங்களில் நடந்த சாவுகளை ஆராய்ந்த அமெரிக்க அரசு நிறுவனம் ஒன்று 1986-ல் ஒரு கணக்குச் சொன்னது. செத்தவர்களில் நூற்றுக்கு அறுபது பேருக்கு மேல், முதலில் விழுந்தவரைக் காப்பாற்றப் போனவர்கள்! வீட்டுச் செப்டிக் டேங்கிலும் நடப்பது இதேதான். 2025 பிப்ரவரி 2-ம் தேதி கொல்கத்தாவின் பந்தலா லெதர் காம்ப்ளெக்ஸில், கழிவுநீர்ப் பாதையைச் சுத்தம் செய்ய வந்த தொழிலாளர்கள் மூன்று பேர் மேன்ஹோலில் விழுந்து இறந்தார்கள். ஊர்தான் வேறு. தொழில் நம் தொழில்.

ஓடிப்போய் இறங்குகிறவரை முட்டாள் என்று நான் சொல்ல மாட்டேன். கண்ணெதிரே அண்ணனோ மச்சானோ விழுந்து கிடக்கும்போது எந்த மனுஷனுக்குக் கால் நிற்கும்? அதனால்தான் அந்த நிமிடத்தில் யோசிக்கக் கூடாது, முன்னாடியே யோசித்து வைத்திருக்க வேண்டும். இறங்குகிறவர் இடுப்பில் பெல்ட்டும் கயிறும் கட்டி, கயிற்றின் மறு நுனியோடு இரண்டு பேர் மேலே நின்றால், ஒருவரும் உள்ளே குதிக்காமலே இழுத்துவிடலாம். கயிறு இல்லையா? 101, 108 இரண்டுக்கும் போன் பண்ணிவிட்டு, மற்றவர்களைக் குழிக்குள் இறங்கவிடாமல் பிடித்துக்கொள்வதுதான் அப்போது செய்யக்கூடிய பெரிய உதவி. மனசு கேட்காது. கேட்க வைக்கத்தான் வேண்டும்.

எங்கள் பக்கத்தில் இரண்டு கைவைத்தியம் உண்டு. ஒன்று, ஈரத் துண்டை மூக்கில் கட்டிக்கொண்டு இறங்குவது. துண்டு தூசியைத் தடுக்கும், வாயுவைத் தடுக்காது. ஆளுக்குத் தனியாகக் காற்று கொடுக்கும் கருவிதான் அங்கே உதவும். இன்னொன்று, கயிற்றில் விளக்கைக் கட்டி இறக்கி, "எரியுது, இறங்கலாம்" என்பது. விளக்கு அணைந்தால் ஆக்ஸிஜன் குறைவு என்று தெரியும், அது சரி. ஆனால் ஆளைச் சாய்க்கிற அளவு ஹைட்ரஜன் சல்ஃபைடு இருந்தாலும் விளக்கு சமர்த்தாக எரியும். போதாததற்கு இந்த வாயுவே தீப்பிடிக்கக்கூடியது. விளக்கு நல்ல சகுனம் என்று நினைத்து இறக்கினால், அதுவே வெடி வைத்துவிடக்கூடும். வாயுவை அளக்க, சட்டைப் பையில் அடங்குகிற மீட்டர் வந்து வெகுகாலம் ஆகிறது.

இதெல்லாம் நான் கண்டுபிடித்தது இல்லை. மூடிய தொட்டியில் சோதித்து, சான்று எழுதிக் கொடுத்த பிறகே ஆள் இறங்க வேண்டும், இல்லையென்றால் சுவாசக் கருவியும் கயிறும் வேண்டும் என்று 1948-ம் வருடத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 36-வது பிரிவிலேயே இருந்தது. அந்தச் சட்டத்தின் இடத்தில் 2025 நவம்பரில் புதுத் தொழிலாளர் சட்டத் தொகுப்பு அமலுக்கு வந்துவிட்டது. சட்டத்தின் பெயர் மாறலாம். வாயுவின் குணம் மாறாது.

வாயு மட்டும்தான் பழகிப்போகும் என்று நினைக்காதீர்கள். சுவரும் பழகும். 2015 ஜனவரி 31, பொழுது விடியாத நேரம். ராணிப்பேட்டையில் தோல் கழிவுகளின் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் கசடு தேக்கி வைத்திருந்த தொட்டியின் சுவர் உடைந்தது. பக்கத்து டேனரியில் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்த தொழிலாளர்கள் மீது அத்தனை கசடும் பாய்ந்தது. பத்துப் பேர் செத்துப்போனார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்காளத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். வேலை செய்கிற இடத்திலேயே படுக்கை. தலைமாட்டில் ஒரு தொட்டி. முதல் நாள் ராத்திரி அந்தச் சுவரை யாராவது ஒருவர் சந்தேகமாகப் பார்த்திருக்கலாம். ஒரு மாதம் போனால் அது வெறும் சுவர்தான்.

பி.காம்.மில் எனக்கு உருப்படியாக விளங்கிய ஒரே பாடம் 'தேய்மானம்'. டிரம் வாங்கினால் அதற்கு வருஷா வருஷம் தேய்மானம் எழுத வேண்டும். லாரிக்கு எழுத வேண்டும். ஆபீசில் ஒரு நாற்காலிக்குக்கூட எழுத வேண்டும். ஆனால் அந்த டிரம்மின் பக்கத்தில் இருபது வருஷம் நின்ற ஆளின் நுரையீரலுக்கு எந்த லெட்ஜரிலும் ஒரு வரி கிடையாது. ஷூ கம்பெனியில் 'சொல்யூஷன்' தடவுகிற பெண்களுக்கும் கிடையாது. சேர்ந்த புதிதில் தலைவலி வரும். அப்புறம் வாடை தெரியாது. பசையில் இருந்து பறக்கிற கரைப்பானோ, தெரிந்தாலும் தெரியாவிட்டாலும் உள்ளே போய்க்கொண்டுதான் இருக்கும். ஜன்னல், காற்றை வெளியே இழுக்கிற ஃபேன், கையுறை, சாப்பிடுமுன் சோப்புப் போட்டுக் கை கழுவ ஐந்து நிமிஷம்... இதை உபசாரம் என்று நினைக்கக் கூடாது. இதுதான் அந்த எழுதாத தேய்மானக் கணக்கில் போடுகிற வரவு.

எங்கள் பக்கத்து வழக்கு ஒன்றைச் சட்டக் கல்லூரிகளில் இன்றும் படிக்கிறார்கள். வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடர்ந்த வழக்கில், 1996 ஆகஸ்ட் 28-ம் தேதி சுப்ரீம் கோர்ட் தீர்ப்புச் சொன்னது. பாலாற்றுப் படுகை டேனரிகள் பற்றியது. 'மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும்' என்பதோடு 'முன்னெச்சரிக்கை'யும் இந்த நாட்டின் சட்டம்தான் என்றது கோர்ட். கெடுதல் முழுக்க நிரூபணமாகட்டும் என்று உட்கார்ந்திருக்காதே, முன்னாலேயே தடு என்று அர்த்தம். 2025 ஜனவரி 30-ல், அதே வேலூர் டேனரி விவகாரத்தில் சுப்ரீம் கோர்ட் திரும்பவும் ஒரு நீண்ட தீர்ப்புச் சொல்ல வேண்டியிருந்தது. நடுவில் இருபத்தெட்டு வருஷம். நமக்குத்தான் எல்லாம் பழகிப்போயிற்றே!

டேனரிப் பக்கமே நீங்கள் வராதவராக இருக்கலாம். ஆனால் வேலைக்குப் போக ரயிலோ பஸ்ஸோ ஏறித்தானே ஆகவேண்டும்? அங்கே இதே வார்த்தை வேறு சட்டை போட்டுக்கொண்டு நிற்கிறது.

1864-லிலேயே பெங்களூர்ப் பாதை பிரிந்த ஜங்ஷன் எங்களுடையது. 2019-ல் சென்னைக்குத் தண்ணீரையே ரயிலில் ஏற்றி அனுப்பினோம்! அப்படிப்பட்ட ஊரில் ரயிலுக்கு யார் பயப்படுவார்கள்? வண்டி நகர ஆரம்பித்த பிறகு, கையில் டீ கப்போடு, செருப்பு சறுக்க ஓடிவந்து ஏறுகிறவர்களை எங்கள் பிளாட்பாரத்தில் தினமும் பார்க்கலாம். கேட்டால், "பதினைஞ்சு வருஷமா இப்படித்தான் சார், ஒண்ணும் ஆனதில்ல" என்று பதில் வரும். படியில் தொங்குவது குற்றம் என்று 1989-ம் வருட ரயில்வே சட்டத்தின் 156-வது பிரிவு சொல்கிறது. பிரிவை விடுங்கள், கணக்கைப் பாருங்கள். தப்பித்த தடவைகளை எல்லாம் அவர் அனுபவம் என்று வரவில் எழுதுகிறார். நான் படித்த கணக்குப்படி அது கடன். வண்டிச் சக்கரத்துக்கு உங்கள் பதினைந்து வருஷ சர்வீஸ் தெரியாது.

அப்புறம், சொல்ல நாக்கு கூசுகிற ஒன்று. 2025 பிப்ரவரி 6-ம் தேதி, கோவை - திருப்பதி இன்டர்சிட்டியின் பெண்கள் பெட்டியில் இருந்த மற்றவர்கள் எங்கள் ஜோலார்பேட்டையில் இறங்கிவிட, ஒரு கர்ப்பிணி மட்டும் தனியே இருந்தார். ஏறிய ஒருவன் அவரிடம் அத்துமீறி, ஓடும் ரயிலிலிருந்து கே.வி.குப்பம் அருகே வெளியே தள்ளினான். அவர் உயிர் பிழைத்தார். வயிற்றில் இருந்த குழந்தை பிழைக்கவில்லை. அதே வருஷம் ஜூலையில், சாகும்வரை ஆயுள் தண்டனை என்று அவனுக்குத் திருப்பத்தூர் கோர்ட் தீர்ப்புச் சொன்னது. அந்தப் பெண் செய்த தப்பு என்று எதுவுமே இல்லை. 'பெண்கள் பெட்டி' என்று எழுதிய போர்டை நம்பினார். காலியான பெட்டி ஒரு காவலர்கூட இல்லாமல் ஓடுவது நமக்கெல்லாம் பழகிப்போனதுதான் தப்பு. ஆனாலும் என் தங்கையிடம் நான் சொல்கிறதை உங்களிடமும் சொல்கிறேன்: பெட்டி காலியானால் அடுத்த ஸ்டேஷனில் கூட்டம் இருக்கிற பெட்டிக்கு மாறிவிடும்மா. 139 என்ற ரயில்வே நம்பர் போனில் இருக்கட்டும். சங்கிலி அலங்காரத்துக்குத் தொங்கவில்லை, ஆபத்தென்றால் யோசிக்காமல் இழு.

ரோட்டில் இன்னொரு பழக்கம். 2023 செப்டம்பர் 11-ம் தேதி, எங்கள் பக்கத்து நாட்றம்பள்ளி அருகே, சென்னை - பெங்களூர் நெடுஞ்சாலையில் கர்நாடகத்துக்குச் சுற்றுலா போய்விட்டுத் திரும்பிய வேன் ஒன்று பழுதாகி நின்றது. பயணிகள் இறங்கி ரோட்டிலேயே வேனுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். பின்னால் வந்த லாரி வேனில் மோத, வேன் அவர்கள் மேல் ஏறியது. ஏழு பெண்கள் செத்துப்போனார்கள். வண்டி நின்றால் அதன் நிழலில் உட்காருவது மாட்டு வண்டிக் காலத்திலிருந்து நம் பழக்கம். மணிக்கு எண்பது, நூறு கிலோமீட்டரில் லாரி வருகிற ரோட்டில் நின்றுபோன வண்டி நிழல் தருகிற மரம் இல்லை. அது மோத வருகிறவனுக்கு வைத்த இலக்கு. வேனோ காரோ நின்றுவிட்டால் சிவப்பு விளக்கைப் போட்டுவிட்டு, எல்லோரையும் ரோட்டோரத் தடுப்புக்கு அந்தப் பக்கம், வண்டியை விட்டு நன்றாகத் தள்ளிக் கூட்டிக்கொண்டு போய்விடுங்கள். வெயில் அடித்தாலும் பரவாயில்லை.

சரி, பழகிப்போவதை எப்படித்தான் தடுப்பது? மூக்கைத் திட்டிப் புண்ணியமில்லை. அதன் வேலையே பழகுவதுதான். பழகாவிட்டால் நாம் ஒரு நாள்கூட நிம்மதியாக வடை சாப்பிட முடியாது.

ஆனால் ஒவ்வொரு கம்பெனியிலும் பழகாத மூக்கு ஒன்று இருக்கிறது. இன்றைக்குக் காலையில் வேலைக்குச் சேர்ந்த பையனுடைய மூக்கு! "அண்ணே, என்னண்ணே இப்படி நாறுது? அந்தச் சுவர் ஏன் ஈரமா இருக்கு? இந்தக் குழிக்கு மூடி இல்லியா?" என்று கேட்பான். நாம் என்ன செய்கிறோம்? "புதுசு இல்ல, போகப் போகச் சரியாயிடும்" என்று முதுகில் தட்டுகிறோம். அந்தக் கம்பெனியில் பழுதாகாமல் வேலை செய்கிற ஒரே மீட்டரை நாமே அணைத்துவிடுகிறோம்.

ஆகவே முதலாளிகளுக்கும் சூபர்வைசர்களுக்கும் ஒரு யோசனை. ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி, 'முதல் நாள் நோட்டு' என்று பெயர் எழுதுங்கள். புதிதாகச் சேர்கிற ஒவ்வொருவரையும், முதல் நாள் சாயந்திரமே, தான் எதைப் பார்த்துப் பயந்தோம் என்று அதில் எழுதச் சொல்லுங்கள். எழுத வராதவர் சொல்லட்டும், யாராவது எழுதிக்கொள்ளட்டும். வங்காளத்திலும் இந்தியிலும் சொன்னாலும் பயம் பயம்தான். ஒவ்வொரு வரிக்கும் எதிரே, என்ன செய்தோம், எந்தத் தேதியில் செய்தோம் என்று ஒரு காலம் போடுங்கள். அந்தக் காலம் காலியாக இருந்தால், கம்பெனிக்குக் கொடுக்க வேண்டிய கடன் பாக்கி இருக்கிறது என்று அர்த்தம். பி.காம். படித்தவன் சொல்கிறேன், நம்புங்கள்.

ஆயுத பூஜைக்கு மெஷினுக்கெல்லாம் பொட்டு வைக்கிறோம். பீரோவில் பூட்டியிருக்கிற சுவாசக் கருவிக்கும் அன்றைக்குத்தான் வெளிச்சம் கிடைக்கிறது, பொட்டும் கிடைக்கிறது. அதை மறுநாள் திரும்பப் பூட்டாதீர்கள். தொட்டிக்குப் பக்கத்தில், கைக்கெட்டும் ஆணியில் மாட்டுங்கள். சாவி யாரிடம் என்று தேடுகிற நேரம்கூடக் குழிக்குள் இருக்கிறவருக்குக் கிடையாது.